வெட்டவெளிக் கலை

'கலைவிழா' என்கிற வார்த்தை நம்மிடையே புழக்கத்துக்கு வந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. விழா என்ற சொல் பழசு. இருபத்தெட்டு நாள் நடந்த இந்திர விழாவைப் பற்றி நம் காப்பியங்கள் பேசுகின்றன. கூத்தும் பாட்டும் இல்லாத விழாவை அந்தக் காலத்தில் யாரும் கற்பனை செய்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே விழாவுக்கு முன்னால் 'கலை' என்று ஓர் அடைமொழி போட வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. கலியாணப் பத்திரிகையில் 'சாப்பாட்டுக் கலியாணம்' என்று யாரும் அச்சடிப்பதில்லை அல்லவா? அச்சடித்தால், பந்தியைப் பற்றி ஏதோ சந்தேகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மதுரையில் கே.கே. நகரில் குடியிருக்கிறவனுக்கு இந்த விஷயத்தை யோசித்துப் பார்க்க ஒரு சௌகரியம் உண்டு. காலார நடந்தால் ராஜா முத்தையா மன்றம். அங்கே கூரைக்கு அடியில் தமிழிசை. அதைத் தாண்டிப் போனால் தமுக்கம். அங்கே எந்தக் கட்சிக்கும் எந்தக் கம்பெனிக்கும் உரிய ஓசை. இன்னும் சற்றுப் போனால் தல்லாகுளம். சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின இரவு அழகர் வந்து சேருகிற இடம். மூன்று இடத்திலும் மூன்று விதமாகக் கேட்கலாம். நான் பல வருஷங்களாகக் கேட்டிருக்கிறேன். சங்கீத சாஸ்திரம் எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவன் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன் என்று வாசகர்கள் எடுத்துக் கொண்டால் போதும்.

'சென்னை சங்கமம்' 2007இல் தொடங்கியது. கிராமத்துக் கலைஞர்களை நூற்றுக்கணக்கில் சென்னைக்கு அழைத்துக் கொண்டு போய், பூங்காக்களிலும் கடற்கரையிலும் மைதானங்களிலும் ஆட வைத்தார்கள், பாட வைத்தார்கள். டிக்கெட் கிடையாது. சபா மெம்பர் கார்டு கிடையாது. மார்கழி மாதத்தில் சங்கீதம் என்றால் குளிர்சாதன மண்டபம், முன்வரிசை, இடைவேளையில் அடை அவியல் என்று பழகிவிட்ட நகரத்தில், நடைபாதையில் போகிறவன் காலை நிறுத்திப் பறையைக் கேட்கும்படி செய்தது சின்னக் காரியம் இல்லை. 2011க்குப் பிறகு ஆட்சி மாறியதும் விழா நின்று போயிற்று. 2023 பொங்கலின்போது அரசின் விழாவாகவே அது திரும்ப வந்தது. 'நம்ம ஊரு திருவிழா' என்று பெயரும் சேர்ந்து கொண்டது. அதையே மற்றப் பெரிய நகரங்களுக்கும் கொண்டு போவதாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் மதுரையும் உண்டு.

நல்லதுதான். ஆனால் 'நம்ம ஊரு திருவிழா'வை மதுரைக்குக் கொண்டு வருகிறோம் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற சமாசாரம் அல்லவா?

சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி மேடை விழாக்களில் கரகாட்டத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள்? பத்து நிமிஷம், தாராளமாக இருந்தால் பதினைந்து. கரகம் என்பது தலையில் செம்பு வைத்துக்கொண்டு ஆடுகிற வித்தை என்று நினைக்கிறவர்களுக்கு அது போதும். செம்பு விழவில்லை என்பதைப் பார்க்கப் பத்து நிமிஷமே அதிகம். ஆனால் ஊர்ப் பொட்டலில் இரவு ஒன்பது மணிக்கு நையாண்டி மேளம் தொடங்குகிற முறையைக் கவனித்தவர்களுக்கு வேறு கதை தெரியும். முதல் அரைமணி நேரம் ஆட்டமே கிடையாது. நாயனம் இரண்டும் தவில் இரண்டும் பம்பையும் சேர்ந்து கூட்டத்தைக் கூட்டுகின்றன. ஆட்டக்காரி வந்தபிறகும் அவள் உடனே வேகம் எடுப்பதில்லை. தவில்காரர் ஒரு கணக்கு வாசித்து அவளைச் சீண்டுகிறார். அவள் அதைக் காலில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறாள். நடுவில் கோமாளி புகுந்து இரண்டு பேரையும் கேலி செய்கிறான். அப்படியே எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரிய மனிதரையும் ஒரு வார்த்தை சொல்கிறான். பெரிய மனிதர் கோபித்துக் கொள்ளக் கூடாது என்பது விதி. நடு ராத்திரிக்கு மேல்தான் தவிலும் காலும் ஒன்றை ஒன்று துரத்த ஆரம்பிக்கும். அதுதான் கரகாட்டம். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அடுப்பு மூட்டுகிற வேலை.

மேடை விழாவில் அடுப்பு மூட்ட நேரம் கிடையாது. ஆகையால் ஆறிப்போன பண்டத்தை அலங்காரமாகப் பரிமாறுகிறார்கள். இருபது பேருக்கு ஒரே நிறத்தில் உடை, ஒரே வரிசை, ஒரே அடி. கோமாளியை நீக்கிவிடுகிறார்கள், அவன் என்ன பேசுவானோ என்ற பயம். கரகம் இறங்குவதற்குள் பொய்க்கால் குதிரை ஏறிவிடுகிறது. அது இறங்குவதற்குள் ஒயிலாட்டம். முடிவில் எல்லோரும் ஒன்றாக மேடை ஏறி, கரகமும் காவடியும் பறையும் மயிலும் மாடும் ஒரே சமயத்தில் ஆட, அறிவிப்பாளர் உரத்த குரலில் கைதட்டச் சொல்கிறார். குடியரசு தின அணிவகுப்பில் மாநிலத்துக்கு ஒரு வண்டி போகுமே, அந்த வண்டியைப் பார்த்துவிட்டு மாநிலத்தைப் பார்த்துவிட்டதாக நினைப்பது போன்றது இது.

இதில் கலைஞர்களின் தவறு எதுவும் இல்லை. நிமிஷக் கணக்கில் ஆடச் சொன்னால் நிமிஷக் கணக்கில் ஆடுவார்கள். கூலி வாங்குகிறவர்கள் வேறு என்ன செய்ய முடியும்? வருத்தம் என்னவென்றால், சின்னப் பிள்ளைகள் இந்தப் பத்து நிமிஷத்தையே கலை என்று பாடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலும் கல்லூரிப் போட்டியிலும் அதையே திருப்பி ஆடுகிறார்கள். அடுத்த தலைமுறை ஆட்டக்காரிக்கு நடு ராத்திரி ஆட்டம் தெரியாமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இந்த இடத்தில் வெளிநாட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு, 1947இல், ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரத்தில் ஒரு பெரிய கலைவிழா ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய சங்கீத கோஷ்டிகளையும் நாடகக் கம்பெனிகளையும் அழைத்தார்கள். அழைப்பு இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. ஊரில் கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. இன்றைக்கு எடின்பரோ என்றால் உலகம் நினைப்பது அந்த அழையா விருந்தாளிகளின் விழாவைத்தான். அதற்குத் தேர்வுக் கமிட்டி கிடையாது. இடம் பிடித்தவன் ஆடலாம். அழைக்கப்பட்டவர்களின் விழாவைவிட அது பல மடங்கு பெரிதாகிவிட்டது.

நம் ஊரில் இந்தத் தத்துவத்தை யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அழகர் வருகிறபோது எந்தக் கமிட்டி யாரைத் தேர்ந்தெடுக்கிறது? அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, புதூர் வழியாகத் தல்லாகுளம் வந்து, ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில் முனிவருக்குச் சாபம் தீர்த்து, ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்பும் வரைக்கும் வழியெல்லாம் மேடைதான். கறுப்பசாமி வேஷம் போட்டவன் சல்லடம் கட்டி, கையில் அரிவாளோடு ஆடுகிறான். திரி ஏந்தினவன் ஆடுகிறான். தோல் துருத்தியில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவனும் ஒரு தாளத்தோடுதான் பீய்ச்சுகிறான். மேலூர்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்த காலம் போய், இப்போது வேனில் வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மீனாட்சி கோயில் கொடியேற்றத்திலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிற திறந்தவெளி விழா இது. பழைய காலத்தில் அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் பதினேழாம் நூற்றாண்டில் அதை மதுரைக்குக் கொண்டு வந்து மீனாட்சி கலியாணத்தோடு இணைத்தார் என்று சொல்வார்கள். அப்படியானால் இதுவும் ஒரு வகையில் அரசாங்கம் ஏற்பாடு செய்த சங்கமம்தான்! நாயக்கர் ஒரு காரியத்தை மட்டும் செய்யாமல் விட்டார்: யார் எத்தனை நிமிஷம் ஆட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரல் எழுதவில்லை.

இந்த விழாவின் சொந்தச் சங்கீதம் வர்ணிப்பு. வெளியூர் வாசகர்களுக்கு இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு கட்டத்தையும் கதையாகப் பாடுவதற்கு வர்ணிப்பு என்று பெயர். அலங்காரம், பிரயாணம், வழி மண்டபங்கள், ஆறு, வண்டியூர், துலுக்க நாச்சியார் எல்லாம் அதில் வரும். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சில் வந்திருக்கிறது என்றாலும், பாடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். ஒருவர் முன்னால் பாட, சுற்றி நிற்கிறவர்கள் கேட்பார்கள். பாடுகிறவரும் கூட்டத்தில் ஒருவர்தான். கடையில் மூட்டை தூக்குகிறவராக இருப்பார், கொத்து வேலை செய்கிறவராக இருப்பார். தொ. பரமசிவன் அழகர்கோயிலைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் புத்தகமாக வெளியிட்டது. கல்வெட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த வர்ணிப்புக்கும் கொடுத்து எழுதப்பட்ட புத்தகம் அது. பண்டிதர்கள் கோயிலைக் கர்ப்பக்கிரகத்திலிருந்து பார்த்துப் பழகியிருந்தார்கள். அவர் மண்டகப்படிப் பந்தலில் நின்று பார்த்தார்.

வர்ணிப்பைக் கேட்க வேண்டிய விதம் ஒன்று உண்டு. ஆற்றங்கரை மணலில் உட்கார்ந்து, அழகர் எப்போது வருவார் என்று தெரியாமல், தூக்கமும் விழிப்புமாக இருக்கும்போது கேட்க வேண்டும். கதைக்குள்ளே அழகர் மூன்றுமாவடி வந்துவிட்டார். நிஜத்திலும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறார். பாட்டும் பல்லக்கும் இரண்டு தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போய்க் கொண்டிருக்கும். உலகத்தில் வேறு எந்த நாடகத்துக்கும் இப்படிப்பட்ட மேடை அமைப்பு வாய்த்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இதைத் தூக்கிக்கொண்டு போய், மின்விளக்கு மேடையில் வைத்து, 'அடுத்து வர்ணிப்புப் பாடல்' என்று ஐந்து நிமிஷம் பாடவிட்டால் என்ன மிஞ்சும்? சொற்கள் மிஞ்சும். அவ்வளவே.

இவ்வளவு சொன்னபிறகு நம் சித்திரைத் திருவிழாவைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கேயும் வர்ணிப்பு இப்போது சரியாகக் காதில் விழுவதில்லை. காரணம் ஒலிபெருக்கி. தல்லாகுளத்திலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒரு பந்தலுக்கும் அடுத்த பந்தலுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்காது. ஒவ்வொரு பந்தலிலும் ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். 1999இல் 'கள்ளழகர்' என்று ஒரு படம் வந்தது. அதில் அழகர் வருகையைப் பற்றி ஒரு பாட்டு. நல்ல பாட்டு, மெட்டில் மண்வாசனையும் இருக்கிறது, குற்றம் சொல்வதற்கில்லை. அந்த ஒரு பாட்டையே அத்தனை பந்தலிலும், ஒன்றுக்கொன்று இரண்டு வரி முன்பின்னாக, விடிய விடியப் போடுகிறார்கள். ஆயிரம் தொண்டை ஆயிரம் விதமாகப் பாடின இடத்தில் ஒரே தொண்டை ஆயிரம் பெட்டியில் பாடுகிறது.

இதைவிட மோசமான கதி நாகஸ்வரத்துக்கு. நாகஸ்வரம் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிறவர்களுக்கும், பலாமரத்தைக் குடைந்து தவில் செய்கிறவர்களுக்கும் ஒலிபெருக்கி என்ற ஒன்று மனத்தில் இருந்ததில்லை. ராஜவீதியின் ஒரு கோடியில் வாசித்தால் மறு கோடியில் கேட்க வேண்டும், கேட்கும். சுவாமி புறப்படுகிறார் என்பதற்கு அடையாளமாக வாசிக்கிற மல்லாரியில் சாகித்தியம் கிடையாது. வார்த்தை தூரத்தில் சிதைந்து போகும், ராகமும் தாளமும் சிதையாது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடாகவே எனக்கு அது தோன்றுகிறது. இந்த வாத்தியத்தைச் சபா மேடைக்கு ஏற்றியவர்களில் தலையானவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. குட்டையான திமிரிக்குப் பதில் நீளமான பாரி நாயனத்தைக் கைக்கொண்டு, நாதத்தைக் குளிர வைத்தார். அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் தெருவில் நடந்துகொண்டே கேட்கிற நாகஸ்வரம் வேறு ஜாதி. நின்று கேட்டால் ஒரு ராகம் நம்மைக் கடந்து போகிறது. கூடவே நடந்தால் நாம் ராகத்துக்குள்ளே நடக்கிறோம். மதுரைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' படம் 1968இல் வந்தபோது சிவாஜி கணேசனின் விரலுக்குப் பின்னால் ஒலித்த நாதம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது என்று இந்த ஊரில் அன்றைக்குச் சொல்லாத ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் தல்லாகுளத்தில், பல்லக்கு ஒரு மண்டகப்படியில் நின்ற சமயம், வயதான தவில்காரர் ஒருவர் விரலில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாசிப்பு முடிஞ்சுதாங்கய்யா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டுத் தம்பி முடியுறது? வாசிச்சாலும் ஒண்ணுதேன், வாசிக்காட்டாலும் ஒண்ணுதேன். நாயனம் என்ன வாசிக்குதுன்னு பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல. அவரு கன்னம் உப்புறதப் பாத்துத் தட்டிக்கிட்டு வாறேன்" என்றார்.

ஹாஸ்யமாகத்தான் சொன்னார். அந்த இரவு முழுவதும் அவர் சொன்னதைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை.

திறந்தவெளியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி சொல்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2005இல் அதை வற்புறுத்தியது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு தளர்வு கிடையாது. இந்த ஒலிபெருக்கித் தடையை எழுத்துக்கு எழுத்து அமல் செய்தால் வர்ணிப்புக்காரருக்கும் நாயனக்காரருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களுக்கு இயற்கை கொடுத்த மூச்சே போதும். பெட்டிக்காரர்களுக்குத்தான் நஷ்டம். பழைய கலைக்கும் புதிய சட்டத்துக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம். ஆனால் நம் அதிகாரிகள் இந்தப் பொருத்தத்தைப் பார்த்து முகூர்த்தம் குறிக்கிற மாதிரித் தெரியவில்லை.

பழைய விழாக்களில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். காவேரிக் கரையில் பந்தல் போட்டு, வித்வான்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிற காட்சியைப் போல உயர்ந்த காட்சி தென்னாட்டுச் சங்கீதத்தில் இல்லை. அதே ஆராதனையில் ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் பிரிந்து நின்றார்கள். இரண்டு கட்சியிலும் பெண்கள் பாட இடம் இல்லை. சமாதிக்கு நிலம் வாங்கிக் கோயில் கட்டின பெங்களூர் நாகரத்தினம்மாள், தாம் கட்டின இடத்தில் பாடுவதற்குப் பெண்களைத் திரட்டித் தனிக் கட்சி அமைக்க வேண்டியிருந்தது. 1940ஐ ஒட்டித்தான் கட்சிகள் ஒன்றாயின.

நம் பக்கத்துப் பறையின் கதை இன்னும் கசப்பானது. திருவிழாவில் பறை அடித்தவருக்குச் சம்பளம் கிடையாது, 'கடமை' உண்டு. அடிக்காவிட்டால் தண்டனை உண்டு. அடிக்கிறவர் பிறந்த ஜாதிக்காகத் தெருக்கோடியில் நிற்க வேண்டும். சாவுக்கும் அவரே வர வேண்டும். மேடை விழாக்களை நான் எவ்வளவு குறை சொன்னாலும், இந்த இடத்தில் அவற்றின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பறையை மேடை நடுவில் வைத்ததும், அடித்தவருக்கு ரயில் சார்ஜும் சாப்பாடும் சன்மானமும் கொடுத்ததும், காலேஜ் பெண்கள் அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும்படி செய்ததும் சங்கமம் போன்ற விழாக்களும், தப்பாட்டத்தை மரியாதைக்குரியதாக்கப் பாடுபட்ட பல இயக்கங்களும் தாம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த மாதிரிக் காரியத்தைக் கோயில் திருவிழா மட்டும் இருந்திருந்தால் இன்னும் நூறு வருஷத்துக்குச் செய்திருக்காது. சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் அவருடைய நண்பர்களும் மீனவர் கடற்கரையில் கர்நாடக சங்கீதத்தையும் பறையையும் ஒரே மேடையில் வைத்ததும் இந்த வழியில் ஒரு நல்ல அடி.

ஆகவே மேடை விழாவை ஒழித்துவிட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. மரியாதையைக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்களே என்பதுதான் என் குறை. ஒரு விழாவில் ஐம்பது கலைகளைக் காட்ட வேண்டும் என்ற பேராசையை விட்டால் இதைச் சரி செய்துவிடலாம். ஐந்து கலை போதும்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு கொடுங்கள். பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். போகட்டுமே! திறந்தவெளி விழாவின் சுகமே அதுதான். எழுந்து போகலாம், டீ குடிக்கலாம், பிள்ளையைத் தூங்க வைக்கலாம், திரும்பி வரலாம். அமெரிக்காவில் 1969 ஆகஸ்டில் ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழாவில், வேலி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டதால் டிக்கெட் பரிசோதனை இல்லாமலே நாலு லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் மூன்று நாள் கிடந்தார்கள். ரவிசங்கர் முதல் நாள் இரவு மழையில் வாசித்தார். அவருக்கு அந்த அனுபவம் பிடிக்கவில்லை. சிதாருக்குச் சேறு ஒத்துக்கொள்ளாதது நியாயந்தான். தவிலாக இருந்தால் சமாளித்திருக்கும்.

ஜனங்களுக்குப் பொறுமை உண்டு. இல்லாமல் போய்க்கொண்டிருப்பது இடம். இதை மதுரையில் இருக்கிறவர்கள் கண்ணெதிரே பார்க்கிறோம். தமுக்கம் மைதானத்தில் 2022இல் பெரிய மாநாட்டு மையம் எழுந்துவிட்டது. மண்தரையில் உட்கார்ந்த இடத்தில் குளிர்சாதனக் கூடம். வைகையின் இரண்டு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். ஆறு ஒடுங்கி, மணல் போய், மனிதர் உட்கார இடமும் போயிற்று. நோய்த்தொற்றுக் காரணமாக 2020இலும் 2021இலும் அழகர் ஊருக்குள் வரவில்லை. இரண்டு வருஷத்து ஏக்கம் எல்லாம் சேர்ந்து 2022 ஏப்ரல் 16ஆம் தேதி ஆற்றங்கரைக்கு வந்தது. அன்றைக்கு நெரிசலில் இரண்டு பேர் இறந்து போனார்கள். பிரமுகர்களுக்கு அனுமதிச் சீட்டு, தனி வழி, தனித் தடுப்பு என்று இடத்தைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் பாக்கி ஜனங்கள் எங்கே நிற்பார்கள்? கலையைப் பற்றிப் பேசுகிற கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். வெட்டவெளிக் கலைக்கு முதல் வாத்தியம் வெளி. அதை உடைத்துவிட்டுச் சுருதி சேர்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. கலைவிழா அழைப்பிதழ்களை நான் சேர்த்து வைக்கிற வழக்கம் உண்டு. வாய்ப்பாட்டு வித்வான் என்றால் பெயர், பட்டம், பிடில் யார், மிருதங்கம் யார், கடம் யார் எல்லாம் அச்சில் இருக்கும். அதே தாளில் கீழே 'கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம் – கலைக்குழுவினர்' என்று ஒரு வரி. முப்பது மனிதர்கள் ஒரு வரியில் அடங்கிவிடுகிறார்கள். இடம் போதவில்லை என்று சொல்வார்கள். வாழ்த்துரை வழங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் இடம் போதுகிறது.

இதற்கு மாதிரி தேட எடின்பரோவுக்குப் போக வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தது இந்த மதுரையில். அவர் வழியில் வந்த இசை நாடகத்தை இந்த ஜில்லாவின் கிராமங்களில் கோயில் திருவிழாதோறும் இன்றும் ஸ்பெஷல் நாடகம் என்று போடுகிறார்கள். வள்ளி ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர், ஒத்திகை கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து, தர்க்கம் செய்து, விடியும்போது கலியாணத்தை முடிப்பார்கள். அந்த நாடகத்துக்கு ஊர்க்காரர்கள் அச்சடித்து ஒட்டுகிற நோட்டீசை நின்று படித்துப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எல்லோருக்கும் புகைப்படம், பெயர், ஊர். ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அப்படியே. ஓரத்தில் தாளம் தட்டிக்கொண்டு, இடியும் குதிரைக் குளம்பும் வேண்டிய சமயத்தில் சத்தம் எழுப்பிக் கொடுக்கிற ஆல்ரவுண்ட் என்று ஒருவர் உண்டு. அவருடைய படமும் இருக்கும், ஊரும் இருக்கும்.